சங்குமுகத்தில் கரைந்த மணல்

திருவனந்தபுரத்தில் மாலை நேரம் என்றால் சங்குமுகம்தான். பத்மநாப சுவாமி ஆறாட்டுக்கு எழுந்தருளும்போது விமான நிலையமே சில மணி நேரம் ஓடுபாதையை மூடி வழிவிடும் கடற்கரை அது. அந்தக் கரை இன்று வெகுவாகச் சுருங்கிவிட்டது. 2021இல் கரையோரச் சாலையையே கடல் அரித்துத் தள்ளியது. மண்ணுக்கடியில் கான்கிரீட் சுவர் இறக்கித்தான் மறுபடி சாலை போட முடிந்தது.

சற்றுத் தெற்கே வலியதுறை. அங்கே 1950களில் கட்டிய கடல்பாலம் 2021இல் சாய்ந்து, பிறகு உடைந்தே போனது. வீடிழந்த மீனவக் குடும்பங்கள் சிமென்ட் கிடங்கில் ஆண்டுக்கணக்கில் காலம் தள்ளின. மணல் போனால் வீடு மட்டுமா போகும்? கட்டுமரத்தை ஏற்றி வைக்க இடமில்லை. கரைமடி இழுக்க ஒரு கூட்டம் ஆட்கள் வடம் பிடித்து நிற்க வேண்டும்; அதற்கு அகலமான கரை வேண்டும். கரை போனபோது தொழிலில் ஒரு பகுதியும் கூடவே போய்விட்டது.

இன்னும் தெற்கே போனால் விழிஞ்ஞம். ஆய் மன்னர்களின் பழைய துறைமுகம். ராஜராஜ சோழனின் படை பிடித்த ஊர். இயற்கையிலேயே 18 முதல் 20 மீட்டர் ஆழம், சர்வதேசக் கப்பல் தடத்திலிருந்து பத்தே கடல் மைல். எந்தத் தொழிலதிபருக்கும் நாவில் நீர் ஊறும். 2015 ஆகஸ்டில் அதானி குழுமத்துடன் கேரள அரசு ஒப்பந்தம் போட்டது. ஏறத்தாழ மூன்று கிலோமீட்டர் அலைத்தடுப்புச் சுவருக்கு மலைமலையாகப் பாறை தேவைப்பட்டது. கேரளத்துக் குவாரிகள் போதாமல் தமிழகத்திலிருந்தும் லாரிகளில் கல் போனது. கன்னியாகுமரி மாவட்டத்துச் சாலைகளில் அந்த லாரிகளை மக்கள் மறித்த கதை நாஞ்சில் நாட்டாருக்குத் தெரியும்.

மேலாண்மை வகுப்புகளில் 'சிஸ்டம்ஸ் திங்கிங்' என்று பெரிதாகப் பாடம் நடத்துகிறார்கள். ஓர் இடத்தில் கைவைத்தால் விளைவு வேறெங்கோ, சில வருஷம் கழித்துத் தலைகாட்டும் என்பதுதான் அதன் சாரம். கடலோரத்தில் இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. அலைகள் மணலைக் கரையோரமாக இழுத்துச் செல்கின்றன. நடுவில் கல்சுவர் எழுந்தால் ஒரு பக்கம் குவியும், மறுபக்கம் அரிக்கும். நகருக்கு வடக்கே முதலப்பொழி மீன்பிடித் துறைமுகத்தில் நடந்தது இதுவே: சுவருக்குத் தெற்கில் மணல் மேடு, வடக்கில் தாழம்பள்ளி கரை தேய்கிறது. முகத்துவாரத்தில் படகுகள் கவிழ்ந்து பலர் இறந்துவிட்டார்கள்.

சங்குமுகத்தையும் வலியதுறையையும் தின்றது விழிஞ்ஞம் சுவர்தானா? ஆம் என்கிறார்கள் மீனவர்கள். அங்கே அரிப்பு முன்பே இருந்தது, புயல்களும் சேர்ந்துகொண்டன என்கின்றன அரசும் நிறுவனமும். இரண்டிலும் உண்மை இல்லாமலில்லை. 2016இல் தேசிய பசுமைத் தீர்ப்பாயம் திட்டத்துக்கான அனுமதியை உறுதிசெய்தபோது, நிபுணர்களை வைத்துக் கரையைக் கண்காணிக்கச் சொன்னது. ஆனால் கண்காணிப்பு வேறு, மணலுக்குப் பொறுப்பேற்பது வேறு. கப்பல் வருமானம் துறைமுகக் கணக்கில் ஏறுகிறது; பன்னிரண்டு பதினைந்து கிலோமீட்டர் தள்ளிக் கரை தேய்ந்தால் அது எவர் கணக்கிலும் ஏறுவதில்லை.

அந்தக் கோபம் 2022 ஆகஸ்டில் வெடித்தது. லத்தீன் கத்தோலிக்கப் பேராயத்தின் தலைமையில் மீனவர்கள் முல்லூரில் துறைமுக வாசலை மறித்தார்கள். வேலை நடக்கட்டும் என்று உள்ளூரிலேயே எதிர்ப் பந்தலும் எழுந்தது. நவம்பர் 27 இரவு விழிஞ்ஞம் காவல் நிலையம் தாக்கப்பட்டது. டிசம்பர் 6இல் போராட்டம் முடிந்தது. கட்டுமானத்தை நிறுத்த வேண்டும் என்ற முக்கியக் கோரிக்கை மட்டும் நிறைவேறவில்லை.

2025 மே 2இல் பிரதமர் மோடி துறைமுகத்தை நாட்டுக்கு அர்ப்பணித்தார். மூன்று வாரம்தான் ஆகியிருந்தது. விழிஞ்ஞத்திலிருந்து கொச்சிக்குப் புறப்பட்ட 'எம்.எஸ்.சி. எல்சா 3' சரக்குக் கப்பல் மே 25இல் 600க்கும் மேற்பட்ட கன்டெய்னர்களுடன் மூழ்கியது. கொல்லம் பக்கம் கன்டெய்னர்கள் ஒதுங்கின. திருவனந்தபுரம் கடற்கரைகளில் அரிசிமணி போன்ற வெள்ளைப் பிளாஸ்டிக் உருண்டைகள். தொண்டர்கள் சல்லடை வைத்து மணலைச் சலித்தார்கள். மீன் வாங்கவே ஜனங்கள் பயந்தார்கள்.

இம்முறை கேரள அரசே நஷ்டத்துக்குக் கணக்குப் போட்டது: 9,531 கோடி ரூபாய். ஜூலையில் உயர் நீதிமன்றம் அதே நிறுவனத்தின் இன்னொரு கப்பலைப் பிடித்து வைக்க உத்தரவிட்டது. 'அகிதேதா 2' என்ற அந்தக் கப்பல் அப்போது நின்றிருந்த இடம், விழிஞ்ஞம்.