நூறு துதிகளின் தோற்றுவாய்

யூதர்களின் ஜெபநூலாகிய ‘சித்தூர்’, காலை வழிபாட்டின் தொடக்கத்தில் கண் திறத்தல், உடை உடுத்தல், நிலத்தில் கால் ஊன்றுதல் போன்ற மிகச் சாதாரணச் செயல்களுக்கான சிறு துதிகளை ஒன்றன்பின் ஒன்றாக அடுக்கி வைத்திருக்கிறது. ஜெப ஆலயத்தில் தொடர்ச்சியாக ஓதப்படும் இவ்வரிசையின் மூலத்தைத் தேடிப் பின்னோக்கிச் செல்பவருக்கு முதலில் புலப்படுவது, இத்துதிகள் படுக்கையறையில் பிறந்தவை என்பதே. ரபிகள் எனப்படும் சமய ஆசிரியர்களின் விவாதங்களைத் தொகுத்த பாபிலோனியத் தல்மூது, சேவல் கூவக் கேட்டதும் ஒன்று, எழுந்து உட்கார்ந்ததும் ஒன்று, இடைக்கச்சை கட்டியதும் ஒன்று என ஒவ்வொரு துதியையும் அதற்குரிய செயலோடு பிணைக்கிறது; மலசலம் கழித்தபின், உடலின் துளைகள் திறக்கவேண்டியபோது திறந்து அடையவேண்டியபோது அடைவதற்காகச் சொல்லும் துதியும் அதே பக்கத்தில்தான் இருக்கிறது. சமயத்தை உடலுக்கு அப்பால் வைத்துப் பழகியவரை இப்பக்கம் சற்றே திடுக்கிடச் செய்யும்.

இத்துதிகள் ஜெப ஆலயத்துக்கு இடம்பெயர்ந்ததன் காரணம் முற்றிலும் நடைமுறை சார்ந்தது. உறங்கி எழுந்த கை தூய்மையற்றது என்பதோடு, துதிகளை அறியாத எளியோர் பிறர் ஓதக் கேட்டு ‘ஆமென்’ சொல்லிக் கடமையை நிறைவேற்றலாம் என்பதையும், யோசேப்பு காரோ எழுதி 1565இல் வெனிசில் அச்சான ‘ஷுல்ஹான் அரூக்’ என்னும் சட்டநூல் காரணமாகக் காட்டுகிறது. 12ஆம் நூற்றாண்டில் எகிப்தில் வாழ்ந்த யூதச் சட்ட அறிஞர் மைமோனிடிஸ் இவ்வழக்கத்தைப் பிழை என்றே எழுதினார். சேவல் கூவலைக் கேளாதவருக்கு அதற்கான துதி கடமையாகாது என்பது அவர் வாதம். தர்க்கத்தில் அவர் பக்கமே வலுவானது, எனினும் வழக்கம் அவரைப் பொருட்படுத்தவில்லை.

நாளொன்றுக்கு நூறு துதி என்ற கணக்கு, விவிலியத்தின் உபாகமம் 10:12ஐ ஆதாரமாகக் கொண்டு, 2ஆம் நூற்றாண்டின் ரபி மெயீர் பெயரால் வழங்குகிறது. தாவீது அரசன் காலத்தில் நாள்தோறும் நூறு பேரைக் கொன்ற கொள்ளைநோயைத் தடுக்க இது ஏற்பட்டது என்னும் கதை, பின்னால் வந்து ஒட்டிக்கொண்டதாகவே தோன்றுகிறது.

துதிக்கும் பழக்கமோ இவையனைத்தினும் பழையது. சாக்கடலருகே உள்ள கும்ரானின் 4ஆம் குகையில் கிடைத்த சிதைந்த சுருள் ஒன்று, மாலைக்கும் சூரியன் எழும் வேளைக்கும் உரிய துதிகளை மாதத்தின் நாள்வாரியாகத் தருகிறது. ஆனால் அப்பழக்கத்தை உணவோடு இறுக்கிக் கட்டிய வாதம், மிஷ்னா என்னும் ஆதிச் சட்டத்தொகுப்புக்குத் துணையாக அமைந்த தோசெப்தாவில் காணப்படுகிறது: உலகம் முழுவதும் இறைவனின் உடைமையாதலால், துதிக்காமல் எதையும் சுவைப்பவர் ஆலயச் சொத்தைக் கையாடியவருக்கு ஒப்பாவார். கி.பி. 70இல் எருசலேம் ஆலயத்தை ரோமர் அழித்துவிட்டிருந்ததால், காக்க வேண்டிய சொத்தை இழந்து நின்ற கையாடல் சட்டம், ரொட்டித் துண்டையும் அத்திப்பழத்தையும் தன் ஆட்சிக்குள் கொண்டுவந்தது எனலாம். அன்றாடத்தைப் போற்றுதல் என்று இன்று மென்மையாகப் பேசப்படுவது, இம்மரபில் ஒரு கடுமையான உடைமை வழக்காகவே வாதிடப்பட்டது.

நூறு என்னும் கணக்கில் ரபிகள் எவ்வளவு கண்டிப்பானவர்கள் என்பதை ஓய்வுநாள் காட்டுகிறது. வாரநாளின் முதன்மை ஜெபம் 19 துதிகள் கொண்டு மூன்று முறை ஓதப்பட, ஓய்வுநாளில் அது ஏழாகச் சுருங்குவதால் நூறு நிறையாது. ரவ் அவ்யாவின் மகன் ரவ் ஹிய்யா அக்குறையை நறுமணப் பொருள்களாலும் தின்பண்டங்களாலும் ஈடுசெய்தார் என்று தல்மூது பதிவு செய்கிறது.