காருக்கு அடியில்

எங்க காலனியில் காருக்கு அடியில் படுத்த முதல் ஆள் நான்தான். காருக்குள் உட்கார்ந்த முதல் ஆள் எங்க அக்கா வீட்டுக்காரர். அவர் உட்கார்ந்தது டிரைவர் சீட்டில். ரெண்டு பேருக்கும் ஒரே வண்டி. கும்மிடிப்பூண்டிக்கும் கவரப்பேட்டைக்கும் நடுவில் இருக்கிற எங்க ஊரில், பெரிய வீட்டு அம்பாசிடர் மார்க் 2.

போன வருஷம் அந்த வண்டி திரும்பவும் எங்கிட்ட வந்தது. ஜி.என்.டி. ரோட்டோரம் எனக்கு ஒரு பட்டறை இருக்கு. தகரக் கொட்டகை, ஒரு ஆர்க் செட்டு, ஒரு ஆர்கான் செட்டு, ரெண்டு பசங்க. வண்டியைக் கொண்டு வந்தவர் பெரிய வீட்டுப் பேரன். சென்னையில் கம்ப்யூட்டர் வேலை. தாத்தா வண்டியைப் புதுசாக்கி ஓட்டணும்னு ஆசை. 50 வருஷத்துக்கு மேல் ஆன வண்டியைப் பழம்பெரும் வண்டின்னு தனியா பதிவு பண்ண 2021ல் விதி வந்திருக்கு, நம்பர் பிளேட்டில் 'வி.ஏ.'ன்னு போட்டுத் தருவாங்க. அதையெல்லாம் சொன்னார். டிக்கியைத் திறந்தார். உள்ளே ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில் செஞ்ச சைலன்சர் செட்டு, துண்டு துண்டா, பளபளன்னு. கூடவே ஒரு பை நிறைய கிளாம்பு.

"கிளாம்பு எல்லாம் வேணாம் அண்ணே. எல்லா ஜாயிண்டையும் வெல்டு பண்ணிடுங்க. நீட்டா இருக்கும்" என்றார்.

அண்ணே என்றார். எங்க நைனாவை, தன்னைவிடப் பத்து வயசு மூத்தவரை, அவங்க தாத்தா கடைசி வரைக்கும் 'டேய்' என்றுதான் கூப்பிட்டார். நைனா அவரை 'ஆண்டே' என்பார். இதைச் சொல்லிக் காட்டறதுக்கு எழுதல. முடியாதுன்னு அந்தப் பையன்கிட்ட சொல்ல எனக்கு ஒரு காரணம் இருந்தது. அது 1991ஆம் வருஷத்துக் காரணம்.

அப்போ நான் அம்பத்தூர் ஐ.டி.ஐ.யில் வெல்டர் டிரேடு முடிச்சு, சிப்காட்டில் ஒரு கம்பெனியில் காண்டிராக்ட் ஆளா இருந்தேன். கேட்டுக்கு வெளியே மேஸ்திரி பேர் கூப்பிடுவார், உள்ளே போவோம். வருஷத்தில் 240 நாள் வேலை செஞ்சவனுக்குச் சட்டத்தில் சில உரிமை உண்டு. அதனால் அந்தக் கணக்கு நிறைவதற்கு முன்னாடி பத்து நாள் வராதேன்னு அனுப்பிடுவாங்க, திரும்பவும் புது ஆளா எடுத்துக்குவாங்க. பர்மனென்ட் ஆளுங்களை நாங்க 'வெல்டு அடிச்சவங்க' என்போம். நாங்க 'கிளாம்பு'. ஒரு ஸ்பேனர் இருந்தாப் போதும், கழட்டிடலாம். சிரிச்சுக்கிட்டேதான் சொல்லுவோம். கால்வனைஸ் பைப் பத்த வச்ச ராத்திரி எல்லாருக்கும் காய்ச்சல் வரும், துத்தநாகப் புகை. அதுக்கு மருந்துன்னு மேஸ்திரி பால் வாங்கித் தருவார். பாலில் ஒண்ணும் இல்லைன்னு ரொம்ப நாள் கழிச்சுத்தான் தெரிஞ்சது.

ஒரு ஞாயித்துக்கிழமை பெரிய வீட்டிலிருந்து ஆள் வந்தது. அம்பாசிடர் சைலன்சர் துருப்பிடிச்சு உடைஞ்சு கிடக்கு, நம்ம பையன் வெல்டிங் படிச்சிருக்கானாமே, வரச் சொல்லுன்னு. 'நம்ம பையன்' என்றால் எவன்னு உங்களுக்குத் தெரியும். கார் ஷெட்டு வீட்டு மதிலுக்கு உள்ளே இருந்தது. நான் உள்ளே வரக் கூடாது என்பதால் காரை நாலு பேர் தள்ளித் தெருவுக்குக் கொண்டு வந்து வேப்ப மரத்தடியில் நிறுத்தினாங்க. தள்ளின நாலு பேரும் எங்க காலனிக்காரங்க. அவங்க மதிலுக்குள் போய்த் தள்ளலாம், வேலைக்காரங்க. நான் வெளியே உட்கார்ந்து காரை வரவழைக்கிற ஆளா ஆயிட்டேன். அந்த வேடிக்கையை அன்னைக்கு நைனாவிடம் சொன்னேன். அவர் சிரிக்கல.

வாடகை கேஸ் செட்டு ஒண்ணை மீன்பாடி வண்டியில் கொண்டு போயிருந்தேன். சைலன்சரும் பைப்பும் புதுப்பேட்டையில் வாங்கினது, கம்பெனி சாமான் இல்லை. அளவு கொஞ்சம் முன்னே பின்னே. நான் சொன்னேன்: "ஆண்டே, முன்னாடி ஜாயிண்டுக்குக் கிளாம்பு போட்டுடறேன், பின்னாடி பத்த வச்சுடறேன்." அவர் திண்ணையிலிருந்தே சொன்னார்: "கிளாம்பு போட்டா கழண்டுக்கும். மாசா மாசம் வந்து காசு கேப்ப. மொத்தமா பத்த வைடா."

ஐ.டி.ஐ.யில் சொல்லிக் கொடுத்தது எனக்கு நல்லா ஞாபகம் இருந்தது. இதைக் கொஞ்சம் விளக்கமா சொல்லணும், வேலை தெரியாத தோழர்களுக்காக. இஞ்சின் ரப்பர் மேல் உட்கார்ந்திருக்கு. ஆக்ஸிலேட்டர் அழுத்தினா ஒரு பக்கமா சாயும், விட்டா திரும்பும். மேனிஃபோல்டிலிருந்து இறங்கற பைப் இஞ்சினோடு சேர்ந்து ஆடும். சைலன்சர் வண்டியின் அடித்தளத்தில் தொங்குது. ஆடறதுக்கும் தொங்கறதுக்கும் நடுவில் எங்கேயாவது ஒரு இடம் விட்டுக் கொடுக்கணும். ஒரு பைப்பை இன்னொண்ணுக்குள்ளே சொருகிக் கிளாம்பு போட்டா, அந்த இடம் ஒரு மயிரிழை விட்டுக் கொடுக்கும். முழுசும் பத்த வச்சா மொத்த ஆட்டமும் ஒரே இடத்தில் வந்து விழும். எங்கே விழும்? பத்த வச்ச கோட்டுக்கு ஓரத்தில், சூட்டில் இரும்பு குணம் மாறின இடத்தில். அங்கேதான் கீறல் விடும். அதுவும் பைப்பின் மேல் பக்கம்னா கீழேயிருந்து பார்க்கிறவன் கண்ணுக்குத் தெரியாது. பத்த வைக்கிறவனே மேல் பக்கத்தைக் கண்ணாடித் துண்டு வச்சுப் பார்த்துதான் பத்த வைக்கணும்.

கிளாம்புக்கும் குறை உண்டு, இல்லைன்னு சொல்லல. யு-கிளாம்பு பைப்பைக் கடிச்சு நசுக்கும், அடுத்த தடவை கழட்ட வராது, அறுக்கணும். துரு ஏறும். சரியா இறுக்கலன்னா புகை கசியும். பின்னாடி இருக்கிற ஜாயிண்டுக்கு வெல்டிங்தான் நல்லது, பெட்ரோல் டேங்கு பக்கத்தில் மட்டும் நெருப்பைக் கொண்டு போகாம, வெளியே கழட்டி வச்சுப் பத்த வைக்கணும். எல்லாம் தெரியும். தெரிஞ்சும் அன்னைக்கு வாயைத் திறக்கல. "சரிங்க ஆண்டே"ன்னு மொத்தமா பத்த வச்சேன். இருபத்திரண்டு வயசு. அறுபது ரூபா கொடுத்தாங்க. திண்ணை மேல் வச்சாங்க, எடுத்துக்கிட்டேன்.

மாமா அந்த வண்டிக்கு டிரைவர். மழைக்காலம் வந்ததும் அவருக்குத் தலைவலி ஆரம்பிச்சது. பட்டணம் போய் வந்தா குமட்டல், கண் இருட்டல். பெரியவர் பின் சீட்டில் வெத்தலை எச்சில் துப்பக் கண்ணாடியை இறக்கி வச்சே வருவார், மழையானாலும். மாமா பக்கம் கண்ணாடி ஏத்தியிருக்கும். அவர் காலடியில், பெடல்கிட்ட, துரு தின்ன ஓட்டை. அந்தக் கால பெட்ரோல் இஞ்சின் புகையில் கார்பன் மோனாக்சைடு நிறைய. நாலு சக்கர வண்டிக்கு நூத்துக்கு மூணு பங்கு வரைக்கும் இருக்கலாம்னு 1989ஆம் வருஷத்து விதியே சொல்லுது. அதுக்கு நிறம் இல்ல, வாசனை இல்ல. ரத்தத்தில் ஆக்ஸிஜன் ஒட்டிக்கிறதைவிட இருநூறு மடங்குக்கு மேல் இறுக்கமா ஒட்டிக்கும். தலை வலிக்கும், கால் பின்னும், பேச்சு குழறும். பார்க்கிறவன் என்ன சொல்வான்? குடிச்சிருக்கான்னு சொல்வான்.

அப்படித்தான் சொன்னாங்க. மாமா எப்பவாவது குடிப்பவர்தான், அதை மறைக்க விரும்பல. ஆனா வண்டி எடுக்கிற அன்னைக்குத் தொட மாட்டார். செங்குன்றம் தாண்டி ஒருநாள் ஓரமா நிறுத்தி வாந்தி எடுத்துட்டு ஸ்டியரிங்கில் தலையைச் சாய்ச்சிட்டார். பெரியவர் சாவியைப் பிடுங்கி, கடைத்தெருவில் நாலு பேர் பார்க்க அவரைச் செருப்பால் அடிச்சார். ரெண்டு மாச சம்பளம் ஆயிரத்து இருநூறு ரூபா பாக்கி. தரல. குடிகாரனுக்குச் சம்பளம் எதுக்குன்னுட்டாங்க. அக்காவும் நம்பிட்டா. ஆறு மாசம் மாமாகிட்ட அவள் முகம் கொடுத்துப் பேசல.

அடுத்து வந்த டிரைவர் ஊர்த் தெருக்காரர். அவருக்கும் தலை வலிச்சது. அவருக்குத் தலை வலிச்சப்போ வண்டியைப் பார்த்தாங்க.

எனக்கு ஆள் வந்தது. படுத்துப் பார்த்தேன். பைப்பின் மேல் பக்கம், என் வெல்டிங் கோட்டுக்கு ஓரமா, விரல் நீளத்துக்குக் கீறல். அதிலிருந்து அடித்தளம் வரைக்கும் கரி படிஞ்சு கறுப்பா ஒரு பாதை, நேரா பெடல் ஓட்டைக்கு. அந்தத் துண்டை அறுத்தேன், சொருகு பைப் வச்சேன், கிளாம்பு போட்டேன். "ஒழுங்கா பத்த வைக்கத் தெரியாத நாயி"ன்னு திட்டினாங்க. காசு தரல. மாமாவைப் பத்தி ஒருத்தரும் ஒரு வார்த்தை பேசல.

அறுத்த துண்டை வீட்டுக்கு எடுத்து வந்து ராத்திரி மாமா முன்னாடி வச்சேன். அக்காவும் இருந்தா. எல்லாம் சொன்னேன். மாமா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "அப்போ நான் குடிக்கலன்னு உனக்குத் தெரியும் இல்ல மச்சான். இதை எடுத்துட்டுப் போய் ஊர்ல சொல்லு."

நான் போகல. நாளைக்குப் போறேன்னேன். அப்புறம் அறுவடை முடியட்டும்னேன். சிப்காட்டில் அந்தச் சமயம் என்னை நிறுத்தி வச்சிருந்தாங்க, ஊர்க்காரங்க கொடுக்கிற பம்புசெட்டு வேலை, டிராக்டர் வேலை இதில்தான் அடுப்பு எரிஞ்சது. அது ஒரு காரணம். பயம் இன்னொரு காரணம். பெரியவர் செத்துப் போனார், அவர் பிள்ளை பட்டணம் போனார். மாமா அதுக்கப்புறம் எந்த வண்டியும் ஓட்டல, கூப்பிட ஆள் இல்லை. ஒரு ரோலிங் மில்லில் பழைய இரும்பு பிரிக்கிற வேலைக்குப் போனார். எங்க பக்கத்து மில்லுகளுக்குப் பழைய கார், பைப், சைலன்சர் எல்லாம் உருக்க வரும். மூடியிருக்கிற டப்பா எதுவும் உலைக்குள் போகக் கூடாது, வெடிக்கும். அதைத் தேடி எடுக்கிறதுதான் அவர் வேலை. இப்போ அறுபத்தொன்பது வயசு.

அந்த அம்பாசிடரைச் செஞ்ச கம்பெனி 1998ல் நம்ம திருவள்ளூர் பக்கம் வந்து லான்சர் கார் செஞ்சது. அம்பாசிடர் 2014ல் நின்னே போச்சு. 2017ல் 'அம்பாசிடர்' என்ற பேரை மட்டும் 80 கோடி ரூபாய்க்குப் பிரெஞ்சுக் கம்பெனிக்கு வித்தாங்க. வெறும் பேருக்கு இவ்வளவு விலை இருக்குன்னு அன்னைக்குத்தான் தெரிஞ்சது.

பேரனிடம் இதையெல்லாம் முதலில் சொல்லல. வேலையை மட்டும் சொன்னேன். ஸ்டெயின்லெஸ், சாதா இரும்பைவிடச் சூட்டில் ஒன்றரை மடங்கு கிட்ட நீளும், அதனால் முன் ஜாயிண்டு சொருகி, பட்டைக் கிளாம்பு போடணும், அது பைப்பை நசுக்காது. பின்னாடி ரெண்டு ஜாயிண்டு கழட்டி வச்சு ஆர்கானில் பத்த வச்சுத் தரேன். அந்தப் புகையில் குரோமியம் இருக்கு, உலக சுகாதார நிறுவனத்தோட புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு 2017ல் வெல்டிங் புகையையே புற்றுநோய் உண்டாக்கறதில் முதல் வகையில் சேர்த்திருக்கு, அதனால் என் பசங்களுக்கு மாஸ்க் போட்டுத்தான் செய்வேன், நேரம் ஆகும்னேன். அவர் தலையாட்டினார். அப்புறம் சிரிச்சுக்கிட்டே சொன்னார்: "இந்த வண்டிக்கு ஒரு கதை இருக்கு அண்ணே. தாத்தாகிட்ட ஒரு டிரைவர் இருந்தானாம். சரியான குடிகாரன். செங்குன்றத்துல நடு ரோட்டுல..."

முப்பது வருஷத்துக்கு மேல் அந்த வீட்டில் அது சிரிப்புக் கதையா இருந்திருக்கு. சாப்பாட்டு நேரத்தில் சொல்லிச் சொல்லிக் குழந்தைங்க கேட்டு வளர்ந்திருக்காங்க.

ஸ்பேனரைக் கீழே வச்சேன். பட்டறைப் பெட்டியில் அடியில் கிடந்த அந்தப் பைப் துண்டை எடுத்து அவர் கையில் கொடுத்தேன். எங்கே படுத்தேன், என்ன பத்த வச்சேன், எங்கே கீறல் விட்டது, யார் உட்கார்ந்திருந்தார், அவர் எனக்கு என்ன உறவு, எல்லாம் சொன்னேன். என் தப்பையும் சொன்னேன். அவர் துண்டைப் பார்த்துக்கிட்டே இருந்தார். "அவர் இருக்காரா?" என்றார். டிரைவர் 'அவர்' ஆயிட்டார்.

"காலனியில் மூணாவது தெரு. ரெண்டு மாச சம்பளம் பாக்கி"ன்னேன்.

வேலை முடிஞ்சது. டெயில் பைப்பை ஈரத் துணியால் அடைச்சு, இஞ்சினை ஓட விட்டு, ஒவ்வொரு ஜாயிண்டிலும் காது வச்சுக் கேட்டேன். சீறல் எதுவும் இல்லை. கூலி கொடுத்தார், கையிலேயே கொடுத்தார். கிளாம்பு சூடாகி ஆறினா நட்டு கொஞ்சம் தளரும், ஒரு வாரம் ஓட்டிட்டுக் கொண்டு வாங்க, ஒரு சுத்து இறுக்கித் தரேன்னு சொல்லி அனுப்பினேன்.

இன்னும் வரல. மாமாகிட்ட விஷயத்தைச் சொன்னேன். ஞாயித்துக்கிழமை காலையில் துவைச்ச சட்டை போட்டுக்கிட்டு வந்து பட்டறை வாசலில் உட்கார்ந்துக்கறார். டீ வாங்கித் தரச் சொல்றார். ரோட்டைப் பார்க்கிறார்.