கரைவலையும் கணினி வலையும்

மட்டக்களப்பிலிருந்து கல்முனை செல்லும் பெருந்தெருவிலே, கிழக்கே கடலும் மேற்கே வாவியுமாக அமைந்த ஊர் குருக்கள்மடம். புவியியலைச் சிறப்புப் பாடமாகப் பயிலும் மாணவன் ஒருவன் விடுமுறைக்கு அங்கு வந்திருந்தான். வாவிக்கரையின் மாற்றங்களைப் படமாக வரைந்து ஒப்படையாகச் சமர்ப்பிக்க வேண்டும். அதற்கு வேண்டியது கியூஜிஐஎஸ் என்னும் மென்பொருள். அது இலவசம்; அதன் மூலநிரல் யாவர்க்கும் திறந்தது. அவனது பழைய கணினியை இயக்கிய டெபியனும் அத்தகையதே. ஆயினும் இலவசப் பொருளை வீடு கொண்டு சேர்க்கும் கூலி இலவசமன்று. தாயார் ரீலோட் செய்து கொடுத்த தரவு, பொதிகள் பாதி இறங்குமுன்னரே தீர்ந்து போயிற்று.

ஒரே வழங்கியிடம் யாவரும் சென்று கேட்பின், கேட்போர் பெருகப் பெருக வழங்கி தளரும். 2001ஆம் ஆண்டில் பிராம் கோஹன் என்னும் அமெரிக்கர் வெளியிட்ட பிட்டொரென்ட் முறை இவ்வியல்பைத் தலைகீழாக்கிற்று. கோப்பு சிறு துண்டுகளாக வகுக்கப்படும்; ஒரு துண்டைப் பெற்ற கணினி உடனே அதனைப் பிறிதொன்றுக்கு வழங்கத் தொடங்கும். பெறுவோரே கொடுப்போரும் ஆதலின் இதனைச் சகபாடி வலையமைப்பு எனல் பொருந்தும். கரைவலையை அறிந்தார்க்கு இது புதுமையன்று. தோணி கடலில் வளைத்துவிட்ட வலையின் இரு கயிறுகளையும் கரையில் நின்று பலர் இழுப்பர்; கைகள் கூடக்கூட வலை இலகுவாக வரும். வேற்றுமை ஒன்றுண்டு. மீன் பங்கிடக் குறையும், மென்பொருள் குறையாது. கூட்டத்திலே எத்துண்டு அரிதோ அதனையே கணினிகள் முதலில் தேடும் என்பது இன்னுமொரு நுட்பம். அதனை வைத்திருந்தவர் இடையில் விலகினும் கோப்பு முடமாகாது. 2003ஆம் ஆண்டில் 1.77 கிகாபைட் அளவுள்ள ரெட் ஹட் 9 லினக்ஸ் இவ்வழியே பரப்பப்பட்டபோது, ஐந்து மாதங்களில் ஏறத்தாழ 180,000 பேர் அதில் இணைந்தனர்.

தனிப் பொதிகளின் நிலை வேறு. டெபியனில் பல்லாயிரம் பொதிகள் உள. ஒன்றையே ஒரே வேளையில் நாடுவோர் சிலர். திருத்தங்களோ ஓயாது வரும். கனடாவின் சைமன் பிரேசர் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கமரன் டேல் 2008ஆம் ஆண்டளவில் ஆக்கிய ஆப்ட்-பிடுபி இதனைக் கருதியே எழுந்தது. வேண்டிய பொதி எவரிடம் உண்டெனச் சகபாடிகளிடையே அது வினவும். எவரிடமும் இல்லையேல் வழக்கமான வழங்கியை நாடும்.

அந்நியரிடம் வாங்கியதை நம்பலாமோ எனின், ஈண்டு தந்தவர் யாரென்பது வினாவே அன்று. ஒவ்வொரு பொதிக்கும் அதன் உள்ளடக்கத்திலிருந்து கணித்த ஓர் எண் பட்டியலில் உண்டு. பட்டியலுக்கு டெபியனின் மறைக்குறிக் கைச்சாத்து காவல். பொதியில் ஓரெழுத்து மாறினும் எண் மாறும்.

இத்துணைச் சிறப்புடைய முறை குருக்கள்மடத்து மாணவனுக்கு உதவவில்லை. கைபேசி வலையமைப்புகள் பெரும்பாலும் பல பாவனையாளரை ஒரே பொதுமுகவரியின் பின்னே வைக்கின்றன. வெளியிலுள்ள சகபாடி வந்து தட்டுவதற்குக் கதவில்லை. மேலும், கொடுப்பதும் தரவுக் கணக்கிலே சேரும். இல்லாதவன் கொடையளிக்கவும் கட்டணம் செலுத்த வேண்டும்! அளவற்ற இணைப்புடைய நகரங்களிலிருந்து இம்முறையைப் புகழ்வோர் இதனை எளிதில் மறந்துவிடுகின்றனர்.

களுவாஞ்சிகுடியிலிருந்த வகுப்புத் தோழன் அதே டெபியன் பதிப்பிலே கியூஜிஐஎஸ்ஸை நிறுவி, இறக்கிய பொதிகளை அழிக்காது வைத்திருந்தான். ஒருநாள் மாலை பென்டிரைவோடு சைக்கிளில் வந்து சேர்ந்தான்.

“மச்சான், எல்லாம் இதுக்க கிடக்குடா. கொப்பி பண்ணிப் பாரு.”

மிஞ்சிய தரவிலே பட்டியல் மட்டும் இறக்கப்பட்டது. பொதிகளை உரிய இடத்தில் இட்டதும் கணினி அவற்றை ஒவ்வொன்றாக ஒப்புநோக்கிற்று. படியெடுக்கையில் பழுதுபட்டிருந்த இரண்டினை, உற்ற நண்பன் கொணர்ந்தவை என்றும் பாராது தள்ளிற்று. நல்லகாலமாக அவையிரண்டும் சிறியன. இருந்த தரவே அவற்றுக்குப் போதியதாயிற்று. இரவு பத்து மணியளவில் வாவியின் கரைக்கோடு திரையிலே தோன்றியது.

பென்டிரைவ் களுவாஞ்சிகுடிக்குத் திரும்பவில்லை. செட்டிபாளையத்திலே இன்னொரு மாணவி அதற்காகக் காத்திருந்தாள்.