நானூறு கிராம் பாக்கி

எங்கள் பக்கம் நிலக்கடலையை மல்லாட்டை என்றுதான் சொல்வோம். மணிலாக்கொட்டை என்பது வாய்க்கு வாய் தேய்ந்து அப்படி ஆகிவிட்டது. திண்டிவனத்திலிருந்து விழுப்புரம் போகிற சாலையில் மயிலம் பக்கம் எங்களுக்கு மூன்று ஏக்கர். கார்த்திகை மழை ஈரம் அடங்கி மார்கழியில் விதைத்தால் சித்திரையில் பிடுங்கலாம். பிடுங்கி, ஆய்ந்து, களத்தில் காயவைத்து, மிஷினில் உடைத்து, பருப்பை 80 கிலோ மூட்டையாகக் கட்டி விழுப்புரத்தில் ஒரு மண்டிக்குக் கொண்டுபோவார் அப்பா.

2010 மே மாதம் அப்பா 22 மூட்டை கொண்டுபோனார். நான் இன்ஜினியரிங் மூன்றாம் ஆண்டு முடித்து லீவில் இருந்தேன், கூடப் போனேன். மண்டிக்காரர் ஒரு மூட்டையில் கையை விட்டு நான்கு பருப்பை எடுத்தார். ஒன்றைக் கடித்தார்.

"ஈரம் நிக்குது பெரியவரே. மூட்டைக்கு மூணு கிலோ கழிச்சிக்கலாம்."

"நாலு நாள் காயவச்சது சாமி."

"நீங்க காயவச்சீங்க. அது காயலயே."

அவ்வளவுதான் பேச்சுவார்த்தை. 22 மூட்டைக்கு 66 கிலோ போனது. பஸ்ஸில் வரும்போது அப்பா எதுவும் பேசவில்லை. கூட்டேரிப்பட்டு தாண்டிய பிறகு, "மூணு கிலோவும் திருட்டுடா. பல்லுல கடிச்சா ஈரம் தெரியுமா?" என்றார். வருஷா வருஷம் கேட்கிற வசனம்தான். இந்த முறை அதற்குப் பதில் தெரிந்துகொள்ள வழி இருந்தது.

அக்கா அப்போது ஒரு பல்கலைக்கழகத்தில் விதை ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தாள். லீவுக்கு வந்திருந்தவள், மூட்டை கட்டின அன்று காலையிலேயே குவியலில் அஞ்சாறு இடத்தில் கைவிட்டு எடுத்து, காற்றுப் புகாத பாட்டில் ஒன்றில் பருப்பை நிரப்பி வைத்திருந்தாள். தன் வேலைக்கு ஒரு மாதிரி வேண்டும் என்றுதான் எடுத்தாள். அப்பா சொன்னதைக் கேட்டதும், "சரி, நிறுத்துப் பாத்துடலாம்" என்றாள். இரண்டு நாள் கழித்து அவளோடு நானும் கிளம்பினேன்.

எங்கள் பக்கத்து ஆட்களுக்கு மல்லாட்டை ஆராய்ச்சி ஒன்றும் புதுசு இல்லை. 'டி.எம்.வி.' என்று தொடங்கும் ரகங்களில் அந்த மூன்று எழுத்தும் திண்டிவனத்தைத்தான் குறிக்கின்றன. 1940-இல் வெளிவந்த டி.எம்.வி. 2, குடியாத்தம் கொத்துக் கடலையிலிருந்து தேர்ந்தெடுத்த ரகம். ஒரு ரகம் நல்ல ரகமா என்று தீர்மானிக்கிறவர்கள் செடிக்கு எத்தனை காய் என்று எண்ணுவார்கள், நூறு பருப்பு எடுத்து நிறுப்பார்கள், காயில் பருப்பு எத்தனை பங்கு என்று பார்ப்பார்கள். மண்டித் தராசுக்குப் போகும் முன்பே மல்லாட்டை இன்னொரு தராசில் ஏறி இறங்கியிருக்கிறது. எனக்கு அது அக்கா சொல்லித்தான் தெரியும்.

அந்தத் தராசு கண்ணாடிக் கூண்டுக்குள் இருந்தது. திரையில் புள்ளிக்குப் பிறகு நான்கு இலக்கம். ஒரு கிராமில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு. கொத்தனாரின் ரசமட்டத்தில் இருப்பது மாதிரியே அதன் பக்கத்திலும் ஒரு குமிழி. அது நடுவில் நிற்கும் வரை கால் திருகுகளைத் திருப்ப வேண்டும். மே மாத வெயிலில் ஃபேனை அணைத்துவிட்டாள். காற்று பட்டாலே கடைசி இலக்கம் ஆடும். கிண்ணத்தைக் கையால் தொடக் கூடாது, இடுக்கியால்தான் எடுக்கணும். விரலில் இருக்கும் எண்ணெயும் வியர்வையும் எடையில் சேர்ந்துவிடும்.

உள்ளே என்ன நடக்கிறது என்று கேட்டேன். தட்டோடு ஒரு கம்பிச்சுருள் சேர்ந்திருக்கிறது, அது காந்தத்துக்குள் நிற்கிறது. பாரம் வைத்தால் தட்டு இறங்கப் பார்க்கும். இறங்க விடாமல் தாங்கிப் பிடிக்க எவ்வளவு மின்சாரம் தேவைப்பட்டதோ, அதைத்தான் எடையாகக் காட்டுகிறது. புவியீர்ப்பு இடத்துக்கு இடம் கொஞ்சம் மாறும் என்பதால், வேறு ஊருக்குக் கொண்டுபோனால் தெரிந்த எடைக்கல் ஒன்றை வைத்து அதற்கு மறுபடி பாடம் சொல்லிக்கொடுக்க வேண்டும்.

சோதனை எளிதுதான். பருப்பைத் துண்டுகளாக நறுக்கி, மூடியுள்ள இரண்டு சின்னக் கிண்ணங்களில் ஐந்தைந்து கிராம் போட்டு நிறுத்தாள். 103 டிகிரி ஓவனில் 17 மணி நேரம். எண்ணெய் வித்துக்களுக்குச் சூடு இதைவிட அதிகம் வைப்பதில்லை. மறுநாள் எடுத்து, டெசிக்கேட்டரில் நீல நிற சிலிக்கா ஜெல்லுக்கு மேல் வைத்து ஆறவிட்டு, மறுபடி நிறுக்க வேண்டும். குறைந்த எடைதான் ஈரம்.

ஆறவைக்கும் நேரத்தில் அக்கா சாப்பிடப் போனாள். "ஆறினப்புறம் ரெண்டையும் நிறுத்து எழுதி வை" என்று சொல்லிவிட்டுத்தான் போனாள். எனக்குப் பொறுக்கவில்லை. ஒரு கிண்ணத்தை டெசிக்கேட்டரில் வைக்காமல் நேராகவே தராசில் வைத்துவிட்டேன். எண் நிற்காமல் ஓடிக்கொண்டே இருந்தது. கொஞ்சம் நிதானமான மாதிரி தெரிந்ததும் எழுதிக்கொண்டேன். இரண்டாவதை மட்டும் ஆறவிட்டு நிறுத்தேன்.

கணக்குப் போட்டால் ஒன்று 11.7 விழுக்காடு, இன்னொன்று 11.0.

அக்கா வந்து பார்த்தாள். "சராசரி போட்டுடலாம்க்கா, 11.35" என்றேன். மனசுக்குள் ஏற்கெனவே போட்டுப் பார்த்திருந்தேன். பருப்பில் 8 விழுக்காடு ஈரம் இருந்தால் போதும் என்று வைத்துக்கொண்டால், 11.35 விழுக்காடு ஈரமுள்ள 80 கிலோ மூட்டையில் சுமார் 2.9 கிலோ உபரித் தண்ணீர். மண்டிக்காரர் கழித்தது மூன்று. ஆக, பல்லில் கடித்துப் பார்த்தவர் சரியாகத்தான் சொல்லியிருக்கிறார். அப்பா இத்தனை வருஷமாகத் திட்டியது வீண்.

"ரெண்டுக்கும் 0.2-க்கு மேல வித்தியாசம் வரக் கூடாதுடா. ஒரே பாட்டில்ல எடுத்தது. இன்னா பண்ண?"

"ஒண்ணும் பண்ணல."

அவள் என்னைத் திட்டவில்லை. பாட்டிலில் மீதி இருந்த பருப்பை எடுத்து மறுபடி நறுக்க ஆரம்பித்தாள். இன்னொரு 17 மணி நேரம். அவளுடைய சொந்த வேலை ஒன்று அந்த ஓவனுக்காகக் காத்திருந்தது. அதைப் பார்த்த பிறகுதான் சூடாக நிறுத்ததைச் சொன்னேன்.

"சூடான கிண்ணம் பக்கத்துக் காத்தையும் சூடாக்கும். அந்தக் காத்து மேல ஏறும்போது தட்டையும் சேத்துத் தூக்கும். எடை கம்மியாக் காட்டும், ஈரம் ஜாஸ்தியாத் தெரியும்" என்றாள். அப்புறம் நறுக்கிக்கொண்டே, வான் ஹெல்மாண்ட் என்பவரின் கதையைச் சொன்னாள். 200 பவுண்டு காய்ந்த மண்ணில் 5 பவுண்டு வில்லோ கன்றை நட்டு ஐந்து வருஷம் தண்ணீர் மட்டும் ஊற்றினார். மரம் 169 பவுண்டும் சொச்சமும் ஆனது. மண்ணில் குறைந்தது வெறும் இரண்டு அவுன்ஸ் போல. மரம் முழுக்கத் தண்ணீரால் ஆனது என்று முடிவு கட்டினார். அவர் இறந்த பிறகு 1648-இல் அது அச்சானது. நிறுத்ததில் பெரிய தப்பு இல்லை, ஆனால் காற்றிலிருந்து மரம் எடுத்துக்கொண்டதை அவர் நிறுக்கவே இல்லை. "தராசு மேல இருக்கறதத்தான் தராசு சொல்லும். மத்தத நாமதான் யோசிக்கணும்."

மறுநாள் 10.95, 11.05. சராசரி 11.0.

நான் உடனே கால்குலேட்டரைத் தட்டினேன். உபரித் தண்ணீர் மூட்டைக்கு 2.609 கிலோ. அதிகமாகப் பிடித்தது 391 கிராம். 22 மூட்டைக்கு 8.602 கிலோ. எழுதிக் காட்டியதும் அக்கா பேனாவை வாங்கி எல்லாவற்றையும் அடித்துவிட்டு, "சுமார் 2.6 கிலோ, சுமார் 400 கிராம்" என்று எழுதினாள். ஈரம் 0.1 மாறினாலே மூட்டைக்கு 87 கிராம் மாறும். 22 மூட்டைக்கு ஒரே ஒரு பாட்டில்தான் எடுத்திருக்கிறோம். அந்த 391-இல் கடைசி ஒன்றைச் சொல்ல நமக்கு யோக்கியதை இல்லை என்றாள். நான்கு இலக்கம் காட்டும் தராசை வைத்திருக்கிறவள்தான் இப்படிச் சொன்னாள்.

அப்பாவிடம் சொல்லத்தான் பயமாக இருந்தது. மூன்று கிலோவும் திருட்டு என்று நம்பிக்கொண்டிருப்பவரிடம், அதில் இரண்டரை கிலோவுக்கு மேல் நியாயம்தான் என்று சொல்ல வேண்டும். திண்ணையில் உட்கார்ந்து அக்கா பொறுமையாகச் சொன்னாள். ஈரத்தோடு கட்டினால் பூஞ்சை பிடிக்கும், அதில் விஷம் ஊறும் என்பதையும் சொன்னாள். அப்பா ரொம்ப நேரம் எதுவும் பேசவில்லை.

"அப்ப நாலு நாள் பத்தாதா?"

"இந்தத் தடவை பத்தல."

"சரி. ஆனா அந்த நானூறு கிராம்?"

"அது திருட்டுதான்ப்பா."

அப்பா எழுந்து போய் தினசரி காலண்டரின் பின்னட்டையில் பென்சிலால் எழுதினார்: 22 மூட்டை, 8 கிலோ 800.

இப்போது நான் சென்னையில் கோடு எழுதிப் பிழைக்கிறேன். இரண்டு எண் ஒத்துப்போகவில்லை என்றால் சராசரி போட்டுவிட்டு அடுத்த வேலைக்குப் போகச் சொல்லித்தான் கை முதலில் தூண்டும். அன்று அப்படிப் போட்டிருந்தால் அப்பாவின் 400 கிராம் காணாமல் போயிருக்கும். திருடியவன் நானாக இருந்திருப்பேன். அதனால் கொஞ்சம் நின்று, கிண்ணம் ஆறியிருக்கிறதா என்று பார்க்கிறேன். எப்போதும் இல்லை, பாதித் தடவை.

அடுத்த வருஷம் அப்பா ஆறு நாள் காயவைத்தார். மண்டியில் அதே ஆள் கடித்துப் பார்த்துவிட்டு, "ரெண்டு கிலோ கழிச்சிக்கலாம் பெரியவரே" என்றார். "ஒண்ணு கழிச்சிக்க. போன வருஷத்து நானூறு கிராம் வேற பாக்கி இருக்குது" என்றார் அப்பா. அவர் எதைச் சொல்கிறார் என்று மண்டிக்காரருக்குப் புரியவில்லை. கடைசியில் ஒன்றரைக்கு முடிந்தது.