வழிக்கு மார்க் கிடையாது

2024 அக்டோபர் 6, ஞாயிறு. திருச்சி.

அண்ணன் மகள் நிவேதா நேற்று ராத்திரி பஸ்ஸில் சென்னையிலிருந்து வந்தாள். நவம்பர் 24-ஆம் தேதி கேட் தேர்வு எழுதுகிறாள். ஐஐஎம்-களில் எம்.பி.ஏ. சேர்வதற்கானது, இன்ஜினீயரிங்காரர்கள் எழுதும் கேட் வேறு. "இங்கிலீஷை நான் பார்த்துக்கறேன் அத்தை. கணக்குலதான் நேரம் பத்தல" என்றாள். தெரியவில்லை என்று சொல்லவில்லை, நேரம் பத்தவில்லை என்கிறாள். இரண்டும் வேறு வேறு வியாதி.

போன மாக் டெஸ்டின் ரஃப் பேப்பரைக் காட்டச் சொன்னேன். முத்து முத்தான கையெழுத்து. 'தொட்டியின் கொள்ளளவு x என்க' என்று ஆரம்பித்து, சமக்குறிகள் ஒன்றின்கீழ் ஒன்றாக, கடைசி விடைக்கு அடிக்கோடு வேறு. பொதுத்தேர்வு விடைத்தாள் திருத்திய எனக்குப் பார்க்கவே ஆனந்தமாக இருந்தது. ஐந்து மார்க் கணக்கில் விடை தப்பானாலும் சூத்திரத்துக்கு இவ்வளவு, பிரதியிட்டதற்கு இவ்வளவு என்று போட்டுக் கொடுத்திருக்கிறோம். அந்தப் பழக்கம்தான் இந்தப் பெண்ணை இங்கே கவிழ்க்கிறது. 22 கேள்வி, 40 நிமிஷம். சரியான விடைக்கு 3, தப்புக்கு மைனஸ் 1. ரஃப் பேப்பரில் என்ன எழுதினாள் என்று எவரும் பார்க்கப்போவதில்லை.

அவள் எட்டு வரியில் போட்ட கணக்கு இது: ஒரு குழாய் 12 மணி நேரத்தில் தொட்டியை நிரப்பும், இன்னொன்று 18 மணி நேரத்தில் நிரப்பும், அடியில் உள்ள வடிகுழாய் 9 மணி நேரத்தில் காலி செய்யும். மூன்றையும் திறந்துவிட்டால் தொட்டி எப்போது நிறையும்? பன்னிரண்டில் ஒன்று, பதினெட்டில் ஒன்று என்று பின்னங்களோடு மல்லுக்கட்டியிருக்கிறாள். "தொட்டி 36 லிட்டர்னு வெச்சுக்கோ" என்றேன். மணிக்கு 3 லிட்டர் வருகிறது, 2 லிட்டர் வருகிறது, 4 லிட்டர் போகிறது. மிச்சம் ஒன்று. 36 மணி நேரம்.

"கொள்ளளவு சொல்லவே இல்லையே அத்தை, நாமளா வெச்சுக்கலாமா?"

"சொல்லாததாலதான்டி வெச்சுக்கலாம்."

தொட்டி எவ்வளவு பெரியதானாலும் விடை மாறாது என்பதால்தான் கேள்வியில் கொள்ளளவு இல்லை. அப்புறம் நமக்கு வசதியான எண்ணைப் போட்டுக்கொள்ள என்ன தடை? 12, 18, 9 மூன்றுக்கும் மீ.பொ.ம. 36, அவ்வளவுதான் ரகசியம். வகுப்பில் ஒரு பையன் இப்படி எழுதியிருந்தால் 'இந்த 36 எங்கிருந்து வந்தது?' என்று சிவப்பு மையில் கேட்டிருப்பேன். கேட்கவும் வேண்டும், அது வேறு பரீட்சை.

அக்டோபர் 11, வெள்ளி. ஆயுத பூஜை.

லீவு என்று மறுபடி வந்துவிட்டாள். புத்தகம், பேனா எல்லாம் சரஸ்வதி முன்னால் ஏறிவிட்டன. விஜயதசமி வரை தொடக்கூடாதாம். படிக்காமல் இருக்க நல்ல சாக்கு. சுண்டலுக்குத் தாளித்துக்கொண்டே வாயால் கேட்டேன். 3 ரூபாய் பென்சிலும் 5 ரூபாய் ரப்பரும் சரியாக 100 ரூபாய்க்கு வாங்கவேண்டும். இரண்டிலும் ஒன்றாவது இருக்கவேண்டும். எத்தனை விதமாக வாங்கலாம்?

"ஒரு ரப்பர்னா மிச்சம் 95... வராது. ரெண்டுன்னா 90... 30 பென்சில்" என்று விரல் மடக்க ஆரம்பித்தாள். நிறுத்தினேன். 100 ஐந்தின் மடங்கு. ரப்பருக்குக் கொடுக்கும் காசும் ஐந்தின் மடங்கு. அப்படியானால் பென்சிலுக்குக் கொடுக்கும் காசு? அதுவும் ஐந்தின் மடங்காகத்தான் இருந்தாக வேண்டும். 3-இல் 5 இல்லை. எனவே பென்சில் எண்ணிக்கையே 5, 10, 15 என்று போகும். 30 வரை போகலாம், 35 என்றால் 105 ரூபாய் ஆகிவிடும். ஆறு விதம். இதையே 200 ரூபாய்க்குக் கேட்டேன். கடுகு வெடித்து முடிவதற்குள் "13" என்றாள்.

பேனா கையில் இல்லாதது நல்லதாகப் போயிற்று. கையில் இருந்தால் எழுதத்தான் தோன்றும். யோசிப்பதற்கு முன்பே கை ஓட ஆரம்பித்துவிடும்.

அக்டோபர் 27, ஞாயிறு. போனில்.

ஆப்ஷன்களைப் பார்ப்பது ஏமாற்று வேலை என்று ஓர் எண்ணம் அவளுக்கு இருக்கிறது. யார் விதைத்தார்களோ, எங்களைப் போன்ற வாத்தியார்களாகத்தான் இருக்கும். ஒரு கேள்வி வாசித்துக் காட்டினாள்: கல்லூரி ஒன்றில் 37.5 சதவீதம் பெண்கள், ஐந்தில் இரண்டு பங்கு மாணவர்கள் விடுதியில், விடுதியில் இருப்பவர்களில் இத்தனை பேர் என்று கேள்வி நீண்டுகொண்டே போகிறது. மொத்த மாணவர்கள் எத்தனை? 60, 100, 120, 150. பாதியிலேயே நிறுத்தச் சொன்னேன். 37.5 என்றால் எட்டில் மூன்று. ஆக மொத்தம் எட்டாலும் வகுபட வேண்டும், ஐந்தாலும் வகுபட வேண்டும், அதாவது நாற்பதால். 120-ஐத் தவிர எது தேறும்? பெண் பாதியாகவும் பாதி விடுதியாகவும் மனிதர்கள் இருக்க முடியாது என்பதைக் கேள்வியே சொல்லிவிட்டது.

விடை தெரியாமல் குருட்டாம்போக்கில் ஒன்றைத் தட்டலாமா என்றும் கேட்டாள். நாலு ஆப்ஷனில் ஒன்றை எடுத்தால் நாலில் ஒரு தடவை 3 வரும், மூன்று தடவை 1 போகும். கூட்டிக் கழித்தால் பூஜ்யம். ஒன்றே ஒன்றை நிச்சயமாகத் தள்ள முடிந்தால், சராசரியாக மூன்றில் ஒரு மார்க் லாபம். இரண்டைத் தள்ளினால் ஒரு மார்க். ஆப்ஷன் இல்லாமல் விடையை நாமே அடிக்கும் கேள்விகளுக்கு மைனஸ் கிடையாது. அங்கே காலியாக விடுவது மடத்தனம்.

நவம்பர் 3, ஞாயிறு.

தீபாவளிக்கு வந்தவள் பலகாரத்தோடு மாக் டெஸ்டும் எழுதினாள். கணக்குப் பகுதி கடைசியில்தான் வருகிறது. அதற்குள் 80 நிமிஷம் மற்ற இரண்டு பகுதிகளில் மண்டை காய்ந்திருக்கும். இவளோ ஒரே கேள்வியில் ஆறு நிமிஷம் உட்கார்ந்துவிட்டாள். |x−1| + |x−4| + |x−9|, இதன் மிகக் குறைந்த மதிப்பு என்ன? x ஒன்றுக்குக் கீழே இருந்தால், ஒன்றுக்கும் நாலுக்கும் நடுவே இருந்தால் என்று நாலு பிரிவாகப் பிரித்துப் போட்டிருக்கிறாள்.

ஒரே தெருவில் 1, 4, 9 என்ற மைல்கற்களில் மூன்று வீடுகள். டீக்கடை எங்கே வைத்தால் மூன்று பேரின் நடையும் கூட்டிப்பார்க்கக் குறைவாக இருக்கும்? நடு வீட்டு வாசலில். நடு வீட்டுக்காரருக்கு நடையே இல்லை. மற்ற இருவரும் சேர்ந்து நடப்பது 1-லிருந்து 9 வரை உள்ள தூரம், 8. அதுதான் விடை. கடையை எந்தப் பக்கம் நகர்த்தினாலும் ஓரத்து இருவரின் கூட்டுத்தொகை குறையாது, நடுவிலிருப்பவர் மட்டும் வீணாக நடப்பார்.

ஆனால் எனக்கு இதில் முக்கியமாகப் பட்டது விடை இல்லை. தெரு மனதில் வராவிட்டால் அரை நிமிஷத்தில் எழுந்து போயிருக்கவேண்டும். "விட மனசு வரல அத்தை, கிட்ட வந்துட்டேன்னு தோணுச்சு" என்கிறாள். கெட்டிக்காரப் பிள்ளைகளுக்கே உரிய சாபம் இது. சுமாராகப் படிக்கிறவன் புரியாததைத் தாண்டிப் போய்விடுகிறான். இவள் கௌரவம் பார்க்கிறாள். அந்த ஆறு நிமிஷத்தில் கீழே இருந்த மூன்று சுலபமான சதவீதக் கணக்குகளை வாசிக்கக்கூட இல்லை. எல்லாக் கேள்விக்கும் அதே 3 மார்க்தான்.

நவம்பர் 10.

வேகக் கணக்கு வகுப்பு ஒன்றுக்குப் பணம் கட்டியிருக்கிறாளாம். 65-இன் வர்க்கமா, ஆறேழு நாற்பத்திரண்டு, பக்கத்தில் 25, ஆக 4225. அழகுதான், நானும் வகுப்பில் சொல்லிக்கொடுத்து கைதட்டு வாங்கியிருக்கிறேன். ஆனால் 2015-லிருந்தே இந்தத் தேர்வில் திரையில் கால்குலேட்டர் இருக்கிறது. பெருக்கலில் மிச்சம் பிடிக்கும் நாலு விநாடியால் யாரும் கரையேறப்போவதில்லை. கேட்கப்படுவது முக்காலே மூணு வீசம் பத்தாம் வகுப்புக் கணக்கு. எதைப் பெருக்க வேண்டாம் என்று பார்ப்பதில்தான் நேரம் மிஞ்சும்.

அவளுடைய ஆபீஸ் தோழி ஜிமேட் எழுதுகிறாளாம். அங்கே 45 நிமிஷத்தில் 21 கேள்வி, கணக்குப் பகுதியில் கால்குலேட்டரும் இல்லை. பதில் போடாமல் அடுத்த கேள்விக்குப் போகவும் முடியாது. ஏதோ ஒன்றைத் தட்டிவிட்டு நகரவேண்டும், பின்னால் மூன்று விடைகள் வரை மாற்றலாம். இவளுடைய பரீட்சையில் கேள்விகளைத் தாண்டிப் போய்த் திரும்பி வரலாம். அந்தச் சலுகையைப் பயன்படுத்தத்தான் இவ்வளவு பாடுபடவேண்டியிருக்கிறது.

நவம்பர் 17, ஞாயிறு.

கடைசி மாக் டெஸ்ட். முதல் சுற்றில் பார்த்தவுடன் வழி தெரிந்ததை மட்டும் போட்டிருக்கிறாள், இரண்டாவது சுற்றில் மிச்சத்தில் ஆப்ஷன் தள்ள முடிந்ததை. எட்டுக் கேள்வியைத் தொடவே இல்லை. இதுவரை வாங்கியதிலேயே இதுதான் அதிக மார்க். ரஃப் பேப்பரைப் படம் எடுத்து அனுப்பினாள். கோழி கிளறின மாதிரி இருக்கிறது, எனக்கே தலைகால் புரியவில்லை. நல்ல அறிகுறி.

சாயங்காலம் அண்ணன் போன் செய்தார். "இருபத்திரண்டுல எட்டை அப்படியே விட்டுட்டு வந்திருக்கா, நீ என்னத்த சொல்லிக்கொடுக்கிற?" விட்டதுக்குப் பூஜ்யம், தப்புக்கு மைனஸ் ஒன்று, எல்லோருமே விடுவார்கள், மற்றவர்களோடு ஒப்பிட்டுத்தான் பர்சென்டைல் என்று ஒவ்வொன்றாக எடுத்துச் சொன்னேன். முழுவதும் கேட்டுக்கொண்டார்.

"சரி, அந்த எட்டையும் போட்டிருந்தா இன்னும் இருபத்திநாலு மார்க் வந்திருக்குமே?"

அவரும் என்னோடு அதே பள்ளிக்கூடத்தில் படித்தவர்தான்.