சம்பளம் கூட, வாடகை அதைவிடக் கூட

"சென்னையில சம்பளம் கூட வருமே" என்று ஊரில் யாராவது சொன்னால் எனக்கு மனசு ஆறுவதில்லை. பருப்பு, எண்ணெய், கேஸ் சிலிண்டர் விலையில் சென்னைக்கும் திருநெல்வேலிக்கும் பெரிய வித்தியாசம் கிடையாது. ஆளை முழுங்குவது வாடகைதான்.

மத்திய அரசு ஊழியருக்கு இது கணக்கில் இருக்கிறது. 2024 ஜனவரி முதல் வீட்டு வாடகைப்படி சென்னையில் அடிப்படைச் சம்பளத்தில் 30 சதவீதம். மதுரையில் 20. நெல்லையிலும் சின்ன ஊர்களிலும் 10. தி.நகர் ஜவுளிக்கடையில் நாள் முழுக்க நின்றே வேலை பார்க்கும் பெண்ணுக்கு எந்தப் படி?

அட்வான்ஸ் இன்னும் கொடுமை. தமிழ்நாட்டின் 2017 வாடகைச் சட்டம் மூன்று மாத வாடகை போதும் என்கிறது. ஆனால் இருவரும் வேறு மாதிரி ஒப்புக்கொண்டால் சரி என்றும் இடம் விட்டிருக்கிறது. நாளைக்கே வேலையில் சேர வேண்டியவர், பத்து மாத அட்வான்ஸ் கேட்டாலும் ஒப்புக்கொள்ளாமல் என்ன செய்வார்? ஊரில் அம்மாவின் வளையல் அடகுக்குப் போகும். சென்னைச் சம்பளத்தில் மாதாமாதம் அதற்கு வட்டி கட்ட வேண்டும். அந்த விலக்கைச் சட்டத்திலிருந்து எடுத்தே ஆக வேண்டும்.