கேரவனுக்குள் கரண்ட்: மட்டாஞ்சேரிக் குறிப்புகள்

கொச்சி மட்டாஞ்சேரியில், ஜூ டவுனின் குறுகலான தெருவுக்குள் கேரவன் நுழையாது. 1568இல் கட்டிய பரதேசி சினகாக்கை, அந்த யூத ஜெபக்கூடத்தை, பார்க்க வருகிறவர்கள் வண்டியை வெளியே நிறுத்திவிட்டு நடந்துதான் போகிறார்கள். எஞ்சின் அணைந்திருக்கிறது, உள்ளே ஏசி மட்டும் ஓடிக்கொண்டிருக்கிறது. அப்படியானால் கரண்ட் எங்கிருந்து வருகிறது? கேரவனில் ஏறுகிற யாரும் இதைக் கேட்டு நான் பார்த்ததில்லை. முதலில் கேட்கவேண்டியது இதுதான்.

*

நமக்குக் கேரவன் என்றால் சினிமா ஷூட்டிங். இங்கே சொல்வது உள்ளேயே தங்கிப் பயணம் போகும் வண்டியை. கேரள அரசு 2021இல் கேரவன் சுற்றுலாவை அறிவித்தது; அடுத்த ஆண்டே வாகமணில் முதல் கேரவன் பூங்கா வந்தது. பூங்காவென்றால் வண்டிக்குக் கரண்ட் கொடுக்க ஏற்பாடு இருக்கும். மட்டாஞ்சேரியில் ஏதாவது ஹோம்ஸ்டே வாசலில் நிறுத்தி, ஜன்னல் வழியே ஒயர் இழுத்துத்தான் ஆகவேண்டும்.

*

வண்டிக்குள் இரண்டு வகைக் கரண்ட். விளக்கு, தண்ணீர் மோட்டார், சின்ன ஃபேன் எல்லாம் பேட்டரியின் 12 வோல்ட். ஏசி, மைக்ரோவேவ் போன்றவை வீட்டுக் கரண்ட் மாதிரி 230 வோல்ட். நடுவில் இன்வெர்ட்டர்.

கணக்கு எளிது. 12 வோல்ட், 100 ஆம்பியர்-ஹவர் பேட்டரி என்றால் சுமார் 1,200 வாட்-ஹவர். 1,500 வாட் இழுக்கும் ஏசி அதை ஒரு மணி நேரத்துக்குள் குடித்துவிடும். லெட்-ஆசிட் பேட்டரியைப் பாதிக்குக் கீழே இறக்கினால் அதன் ஆயுளும் போகும். அதே 1,500 வாட்டுக்கு 12 வோல்ட் பக்கம் 125 ஆம்பியருக்கு மேல் ஓடும். மெல்லிய ஒயரோ, லூஸான டெர்மினலோ இருந்தால் அங்கே சூடேறித் தீப்பிடிக்கலாம். பேட்டரியை ஒட்டியே ஃபியூஸ் இருக்கவேண்டும் என்பது இதனால்தான். கொச்சியின் உப்புக் காற்றில் டெர்மினலில் பச்சை பூக்கும். அடிக்கடி திறந்து பார்க்கவேண்டும்.

*

எர்த். இதைப் பற்றித்தான் எனக்குப் பெரிய கவலை.

கேரவன் ரப்பர் டயரில் நிற்கிறது, தரையோடு தொடர்பில்லை. எங்கேனும் ஃபேஸ் ஒயர் உரசி பாடியில் கசிந்தால், எர்த் இல்லாத இணைப்பில் வண்டி முழுக்க 230 வோல்ட் ஏறி நிற்கும். உள்ளே இருப்பவருக்குத் தெரியவே தெரியாது. கைப்பிடியைப் பிடித்தபடி ஒரு காலை ஈரத் தரையில் வைத்து இறங்குகிறவருக்குத்தான் அடிக்கும். மட்டாஞ்சேரியில் மழை மாதங்களில் தரை காய்வதே அரிது.

பழைய கட்டடங்களில் மூன்று ஓட்டை பிளக் பாயின்ட் இருக்கும், எர்த்துக்கான பெரிய ஓட்டைக்குப் பின்னால் ஒயரே இருக்காது. சாதாரண டெஸ்டர் ஃபேஸை மட்டும்தான் காட்டும், எர்த்தைக் காட்டாது. மூன்று விளக்கு எரியும் சாக்கெட் டெஸ்டர் ஒன்று பையில் இருக்கட்டும். “சேட்டா, எர்த் உண்டோ?” என்று கேட்பதில் தவறில்லை, பதில் வந்த பிறகும் அதைச் செருகிப் பாருங்கள். எக்ஸ்டென்ஷன் ஒயரைச் சுருளாக விடாமல் முழுக்கப் பிரித்துப் போடுங்கள், சுருளுக்குள் சூடு தங்கும். கரண்ட் கசிந்தால் இணைப்பைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. வண்டியில் கட்டாயம் வேண்டும். இன்வெர்ட்டரில் ஓடும்போதும் அது வேலை செய்யும்படி நியூட்ரலும் எர்த்தும் இணைக்கப்பட்டிருக்கிறதா என்று எலக்ட்ரீஷியனிடம் கேளுங்கள். எல்லா வண்டியிலும் அப்படி இருப்பதில்லை.

*

ஒயர் இழுக்க வழியில்லாத இடத்தில் வண்டியின் ஜெனரேட்டரை ஓடவிடுவார்கள். அதில் வேறொரு ஆபத்து. 2024 டிசம்பரில் கோழிக்கோடு மாவட்டம் வடகரை அருகே கரிம்பனப்பாலத்தில், சாலையோரம் நிறுத்தியிருந்த கேரவனுக்குள் இரண்டு பேர் இறந்து கிடந்தார்கள். ஏசிக்காக ஜெனரேட்டர் ஓடியிருக்கிறது. அதன் புகையிலிருந்த கார்பன் மோனாக்சைடு வண்டியின் தரையிலிருந்த இடைவெளி வழியே உள்ளே ஏறியதாகக் கோழிக்கோடு என்.ஐ.டி. ஆய்வில் தெரியவந்தது. நிறமில்லை, மணமில்லை. தூங்குகிறவரை எழுப்ப அதில் ஒன்றுமே இல்லை. ஒரு ஓட்டையை அடைத்திருந்தால், ஒரு அலாரம் இருந்திருந்தால் அவர்கள் காலையில் எழுந்திருப்பார்கள் என்பதை என்னால் கடந்துபோக முடியவில்லை.

*

வண்டி பேசும்போது வாடகையும் கிலோமீட்டரும் கேட்கிறோம். ஜெனரேட்டர் எங்கே, புகைக்குழாய் எந்தப் பக்கம், கேபிள் நுழைகிற ஓட்டைகளை அடைத்திருக்கிறார்களா, படுக்கை அருகே கார்பன் மோனாக்சைடு அலாரம் உண்டா என்பதையும் கேட்கவேண்டும். ஆர்.சி.சி.பி.யின் டெஸ்ட் பட்டனை நம் முன்னாலேயே அழுத்திக் காட்டச் சொல்லலாம். ஜெனரேட்டர் ஓடும்போது உள்ளே யாரும் தூங்கவேண்டாம். புழுக்கம் தாங்கவில்லையென்றால் அந்த ஒரு ராத்திரிக்கு அறை எடுத்துப் படுங்கள்.